அச்சேறிய அடுக்களை: அமெரிக்கத் தொண்டுச் சமையல் நூல்களின் வரலாறு

நூல் விற்பனையில் கிடைக்கும் இலாபத்தைப் பதிப்பாளரும் ஆசிரியரும் பகிர்ந்துகொள்ளாமல் மருத்துவமனை, பள்ளி, ஆதரவற்றோர் இல்லம் போன்ற பொதுப்பணிகளுக்கே செலுத்துவதும், எழுதித் தொகுப்பது முதல் விற்றுக் கணக்கு முடிப்பது வரையான வேலைகளைப் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்களே செய்வதுமான முயற்சிகளைத் தொண்டுப் பதிப்பு எனலாம். சமயப் பிரசுரங்கள், போர்க்கால நன்கொடை மலர்கள், கவிதைத் தொகுதிகள் எனப் பல வடிவங்களில் இது பல நாடுகளில் நடந்திருப்பினும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது மிகப் பரவலாக எடுத்துக்கொண்ட வடிவம் சமையல் நூலே ஆகும். 1861 முதல் 1915 வரை இவ்வாறு நிதி திரட்டும் நோக்கில் அச்சிடப்பட்ட சமையல் நூல்களைத் தேடித் தொகுத்த மார்கரெட் குக், 1971இல் வெளியிட்ட நூலடைவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளைப் பதிவு செய்தார். சிற்றூர்த் தேவாலயங்களின் மகளிர் குழுக்களும் நகரச் சங்கங்களும் வெளியிட்ட இந்நூல்களுள் மிகப் பல, ஒரே பதிப்போடு நின்றுபோனவை. அவற்றின் வரலாற்றை ஆராயும்போது சமையற்கலையின் வளர்ச்சியைக் காட்டிலும், சொத்துரிமையும் வாக்குரிமையும் முழுமையாகப் பெறாத பெண்கள் பொதுப்பணத்தைத் திரட்டவும் அதைத் தம் விருப்பப்படி செலவிடவும் கண்டறிந்த ஒரு வழிமுறையே தெளிவாகப் புலப்படுகிறது.

அடிமை ஒழிப்பு இயக்கமும் பரிசு மலர்களும்

இவ்வழிமுறையின் தொடக்கம் சமையல் நூல்களுக்கு முந்தியது. 1830களில் பாஸ்டன் நகரில் அடிமை முறை ஒழிப்புக்காக உழைத்த பெண்கள், கைவினைப் பொருள்களையும் நன்கொடையாக வந்த துணிமணிகளையும் விற்கும் ஆண்டுச் சந்தை ஒன்றை நடத்தி, அதன் வருவாயை இயக்கத்துக்கு அளித்து வந்தனர். அச்சந்தையின் முதன்மை அமைப்பாளரான மரியா வெஸ்டன் சாப்மன், சந்தையில் விற்பதற்கென்றே 1839இல் ‘தி லிபர்ட்டி பெல்’ என்னும் பரிசு மலரைத் தொடங்கினார். பரிசு மலர் என்பது, ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் அன்பளிப்பாக வழங்குவதற்கெனக் கவிதையும் கட்டுரையும் கதையும் சேர்த்து அழகிய கட்டமைப்பில் வெளியிடப்பட்ட தொகுதியாகும். அக்கால வணிகப் பதிப்பகங்கள் அதனை நல்ல இலாபத்துக்கு விற்றுவந்தன. சாப்மன் அவ்வடிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றினார். 1858 வரை சில ஆண்டுகள் இடைவிட்டு 15 தொகுதிகள் வெளிவந்த அம்மலரில் ரால்ப் வால்டோ எமர்சன், ஹாரியட் மார்ட்டினோ, பிரெடரிக் டக்ளஸ் முதலியோர் எழுதினர். இங்கிலாந்துக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங், தப்பியோடிய அடிமைப் பெண்ணொருத்தியைப் பற்றி எழுதிய நெடுங்கவிதை 1848ஆம் ஆண்டுத் தொகுதியிலேதான் முதலில் அச்சாயிற்று. எழுதியவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு மலரின் ஒரு படி மட்டுமே.

நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் ஜூலியா கிரிபித்ஸ் 1853, 1854 ஆகிய ஆண்டுகளுக்கெனத் தொகுத்த ‘ஆட்டோகிராப்ஸ் ஃபார் ஃப்ரீடம்’ என்னும் இரு தொகுதிகள் இம்முறையில் ஒரு புதுமையைச் சேர்த்தன. ஒவ்வொரு படைப்பின் இறுதியிலும் அதை எழுதியவரின் கையொப்பம் அவரது கையெழுத்திலேயே அச்சிடப்பட்டது. டக்ளஸ் எழுதிய ஒரே புனைகதையான ‘தி ஹீரோயிக் ஸ்லேவ்’ இடம்பெற்ற முதல் தொகுதியில், கையொப்பம் வாசகருக்கு நினைவுப் பொருளாகவும், இயக்கத்துக்குத் தம் பெயரை வெளிப்படையாகக் கொடுத்தவர் யார் யார் என்பதற்குச் சான்றாகவும் அமைந்தது. நன்கொடையாளரின் பெயரையே நூலின் விற்பனைப் பொருளாக்கும் இந்த உத்தி, பின்னாளில் ஒவ்வொரு சமையல் குறிப்பின் கீழும் அதைத் தந்தவரின் பெயரை அச்சிடும் வழக்கமாக வேறொரு களத்தில் மீண்டும் தலையெடுத்தது.

உள்நாட்டுப் போரும் சுகாதாரச் சந்தைகளும்

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடபுலப் படைவீரர்களின் முகாம் சுகாதாரம், மருத்துவமனைப் பொருள்கள், செவிலியர் பணி ஆகியவற்றைக் கவனிப்பதற்கென அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுகாதார ஆணையம் என்னும் அமைப்பு அரசின் இசைவோடு தோன்றியது. அரசின் இசைவு இருந்ததே தவிர, அதன் செலவுகள் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடையால் நடைபெற்றன. அந்நன்கொடையைத் திரட்டுவதற்காக மேரி லிவர்மோர், ஜேன் ஹோஜ் ஆகிய இருவரும் 1863ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சிகாகோவில் நடத்திய பெருஞ்சந்தைக்கு, குடியரசுத் தலைவர் லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் தம் கையெழுத்துப் படியையே அனுப்பிவைத்தார். அந்தக் கையெழுத்துப் படி 3,000 டாலருக்கு விலைபோயிற்று. சிகாகோவின் வெற்றியைக் கண்டு புரூக்ளின், நியூயார்க், பிலடெல்பியா ஆகிய நகரங்கள் 1864இல் தத்தம் சந்தைகளை நடத்தின. அவற்றுள் நியூயார்க் சந்தையும் பிலடெல்பியா சந்தையும் தனித்தனியே பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டின.

இச்சந்தைகள் ஒவ்வொன்றும் தற்காலிகப் பதிப்பகமாகவும் இயங்கின. புரூக்ளினில் ‘தி டிரம் பீட்’, நியூயார்க்கில் ‘ஸ்பிரிட் ஆஃப் தி ஃபேர்’, பிலடெல்பியாவில் ‘அவர் டெய்லி ஃபேர்’ என்று சந்தை நாள்களில் மட்டும் வெளிவந்த நாளிதழ்கள், நன்கொடையாகக் கிடைத்த எழுத்தை அச்சிட்டு விற்றன. வாழ்நாளில் மிகச் சில கவிதைகளையே அச்சில் கண்ட எமிலி டிக்கின்சனின் மூன்று கவிதைகள் புரூக்ளின் இதழில் பெயரின்றி வெளியானமை, பணமும் புகழும் கருதாத எழுத்துக்கு இத்தகைய இதழ்கள் இடம் தந்ததைக் காட்டும் சான்றாகும்.

1864 ஜூனில் நடந்த பிலடெல்பியா சந்தையில்தான் அமெரிக்கத் தொண்டுச் சமையல் நூல்களுள் முதலாவதாகப் பொதுவாகக் கருதப்படும் ‘எ பொயட்டிக்கல் குக் புக்’ விற்பனைக்கு வந்தது. அதன் ஆசிரியர் மரியா மாஸ், தம் கைவசமிருந்த சமையல் குறிப்புகளுக்குப் பொருத்தமான செய்யுள் வரிகளைச் சேர்த்து, படைவீரர் நலனுக்கு உதவுமென்று சந்தைக்குக் கொடையாக அளித்தார். தனியொருவர் எழுதிய நூலாகையால், பிற்கால வழக்கப்படி பலர் கூடித் தொகுத்த நூலின் இலக்கணம் அதற்கு முழுமையாகப் பொருந்தாது. ஆயினும் அடுக்களை அறிவு அச்சில் ஏறினால் அதைக் காசு கொடுத்து வாங்க ஆளிருக்கிறது என்பதையும், அக்காசு பொதுப்பணிக்குச் செல்லக்கூடும் என்பதையும் அது நிறுவியது.

போருக்குப் பின்: தேவாலயத்திலிருந்து அச்சகத்துக்கு

போர் முடிந்தபின் சந்தை நடத்திப் பழகிய பெண்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பி, தேவாலயக் கூரையைச் செப்பனிடுதல், இசைப்பேழை வாங்குதல், அனாதை இல்லத்துக்கு உணவுப் பண்டம் சேர்த்தல் முதலிய உள்ளூர்த் தேவைகளுக்கு அதே திறனைப் பயன்படுத்தினர். நன்கொடை கேட்பதில் அவர்களுக்கு இருந்த இடர் சட்டத்தில் வேரூன்றியது. ஆங்கிலப் பொதுச்சட்ட மரபின்படி திருமணமான பெண்ணின் சொத்தும் சம்பாத்தியமும் கணவனின் ஆளுகைக்கு உட்பட்டவை. 1839இல் மிசிசிப்பியும் 1848இல் நியூயார்க்கும் தொடங்கிவைத்த மணமான மகளிரின் சொத்துரிமைச் சட்டங்கள் மாநிலந்தோறும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அளவில் நடைமுறைக்கு வந்தன. ரொக்கமாகக் கொடை தரும் உரிமை உறுதியில்லாதவர்களிடம் உழைப்பும் அடுக்களை அனுபவமும் இருந்தன. தமிழ்நாட்டு வீடுகளில் உலை வைக்குமுன் பிடியரிசியை ஒதுக்கி, பல வீட்டுப் பிடிகளை ஒன்றுகூட்டிக் கோயிலுக்கோ பள்ளிக்கோ அளித்த வழக்கத்தைப் போல, வீட்டுக்கு ஒன்றிரண்டாகக் குறிப்புகளைத் திரட்டி நூலாக்கிய இம்முறை, வீட்டுச் செலவிலிருந்து எவரும் தனியே பணம் எடுக்க வேண்டிய தேவையைப் பெரிதும் குறைத்தது.

நூல் உருவான முறை ஏறத்தாழ எங்கும் ஒன்றாகவே இருந்தது. குழுவின் உறுப்பினரும் அவர்தம் உறவினரும் அண்டை வீட்டாரும் தம் வீட்டில் செய்து பழகிய உணவுகளின் செய்முறையை எழுதித் தந்தனர்; இரண்டு மூன்று பேர் கொண்ட தொகுப்புக் குழு அவற்றைச் சூப்பு, இறைச்சி, ரொட்டி, கேக், ஊறுகாய், நோயாளிக்கான உணவு என வகைப்படுத்தியது. ஒவ்வொரு குறிப்பின் கீழும் தந்தவரின் பெயர் அச்சிடப்பட்டது. அக்கால வழக்கப்படி மணமான பெண்ணின் பெயர் பெரும்பாலும் கணவனின் பெயரோடு ‘திருமதி’ சேர்த்தே குறிக்கப்பட்டது. பெயர் அச்சான ஒவ்வொருவரும், அவருடைய உறவினரும் ஒரு படியேனும் வாங்குவர் என்பதால், நூலுக்கு எழுதியவர்களே அதன் முதல் வாசகர்களும் ஆயினர்.

அச்சுச் செலவு விளம்பரத்தால் சமாளிக்கப்பட்டது. உள்ளூர் மளிகைக் கடை, மருந்துக் கடை, அடுப்பு விற்பவர், மாவு ஆலை, வங்கி ஆகியோரிடம் தொண்டர்கள் நேரில் சென்று பக்கத்துக்கும் அரைப்பக்கத்துக்கும் விலை பேசினர். தம் வாடிக்கையாளரே வந்து கேட்கும்போது கடைக்காரர் மறுப்பது எளிதன்று. விளம்பரக் கட்டணம் அச்சுக்கூலியை ஈடுசெய்துவிட்டால், அதன்பின் விற்கும் ஒவ்வொரு படியின் விலையும் ஏறக்குறைய முழுவதும் அறப்பணிக்கே சேரும். எழுத்துக்கும் தொகுப்புக்கும் விற்பனைக்கும் ஊதியமில்லை. கிடங்கு வாடகையுமில்லை, படிகள் உறுப்பினர் வீடுகளிலேயே வைக்கப்பட்டன. வணிகப் பதிப்பாளரை அச்சுறுத்தும் முதலீட்டு இழப்பு என்னும் இடர், நூல் வெளிவருமுன்னரே இவ்வாறு பெரும்பாலும் நீங்கிவிட்டது.

இம்முறையின் வலிமையையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டும் நூல், ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில் சிற்றூரில் முதல் காங்கிரிகேஷனல் தேவாலயத்துப் பெண்கள் 1876இல் வெளியிட்ட ‘சென்டெனியல் பக்கை குக் புக்’ ஆகும். போதகருக்கு வீடு கட்டும் நிதிக்காகத் தொகுக்கப்பட்ட அந்நூல், அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டையொட்டி வெளிவந்து எதிர்பார்ப்புக்கு மீறி விற்பனையாயிற்று. அதன் தொகுப்பில் முன்னின்ற எஸ்டெல் வுட்ஸ் வில்காக்ஸும் அவர் கணவரும் பின்னர் அதன் உரிமையைப் பெற்று, மின்னியாபோலிஸ் நகரிலிருந்து ‘பக்கை குக்கரி’ என்னும் பெயரில் வணிக நூலாக வளர்த்தனர். நூல் நாடெங்கும் பரவியது. பல பதிப்புகள் கண்டது. ஆனால் மேரிஸ்வில் பெண்கள் திரட்டிய குறிப்புகளின் வருவாய் அதன்பின் அவர்களது தேவாலயத்துக்கு உரியதாக இருக்கவில்லை. குறிப்பு தந்தவர்கள் எவ்வளவு தாராளமாகத் தந்தாலும், உரிமை யார் கையில் இருக்கிறதோ அவரே உபரியை ஆள்வார் என்பதை அடுத்த தலைமுறை அமைப்பாளர்களுக்கு இந்நூல் உணர்த்தியிருக்க வேண்டும்.

வாக்குரிமைக்கான சமையல் நூல்கள்

1880களில் பெண் வாக்குரிமை இயக்கத்தினர் இவ்வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டனர். பாஸ்டனில் 1886இல் ஹாட்டி பர் தொகுத்த ‘தி வுமன் சஃப்ரேஜ் குக் புக்’, வாக்குரிமை நிதிக்கான சந்தையில் விற்கப்பட்டது. லூசி ஸ்டோன் முதலிய இயக்கத் தலைவர்களோடு, சிகாகோ சந்தையை நடத்திய அதே மேரி லிவர்மோரும் அதற்குப் பங்களித்தார் என்பது, போர்க்காலத் தொண்டுக்கும் உரிமைப் போராட்டத்துக்கும் இடையே ஆள் தொடர்ச்சி இருந்ததைக் காட்டுகிறது. பங்களித்தவர்களுள் மருத்துவர், ஆசிரியர், சமயப் போதகர், எழுத்தாளர் எனப் பணிபுரியும் பெண்கள் பலர் இருந்தனர். வாக்குரிமை கேட்கும் பெண் வீட்டைக் கைவிடுவாள் என்று எதிர்ப்பாளர் செய்த பரப்புரைக்கு, அப்பெண்கள் கைப்படத் தந்த ரொட்டிக் குறிப்பும் நோயாளிக் கஞ்சிக் குறிப்புமே மறுமொழியாயின. வாஷிங்டன் மாநில வாக்குரிமைச் சங்கம் 1909இல் இத்தகைய நூலொன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அம்மாநிலப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1915இல் பிட்ஸ்பர்கிலிருந்தும் ஒரு வாக்குரிமைச் சமையல் நூல் வந்தது. இவ்வெற்றிகளுக்குச் சமையல் நூல்தான் காரணம் என்று கூறுவது மிகையாகும். எனினும் சங்கங்களின் கைச்செலவுக்குப் பணமும், இயக்கத்தின் கருத்துக் கூட்டங்களுக்கு வராத வீடுகளுக்குள் நுழையும் வாயிலும் அவற்றால் கிடைத்தன.

மில்வாக்கியின் குடியமர்வு இல்லமும் அதன் நூலும்

தொண்டுச் சமையல் நூல்களுள் நெடுங்காலம் நிலைத்ததும், ஒரு சிறு தன்னார்வப் பதிப்பகம் எவ்வாறு இயங்கியது என்பதைத் தெளிவாகக் காட்டுவதும், விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 1901இல் தோன்றிய ‘தி செட்டில்மென்ட் குக் புக்’ ஆகும். அதன் பெயரில் வரும் ‘செட்டில்மென்ட்’ குடியமர்வு இல்லத்தைக் குறிக்கும். நகரத்தின் ஏழை மக்கள் வாழும் பகுதியில் கல்வியும் வசதியும் உடையோர் ஓர் இல்லம் அமைத்து, அங்குள்ளவர்களுக்கு வகுப்பும் விளையாட்டும் மருத்துவ உதவியும் அளிக்கும் இம்முறை, 1884இல் லண்டனில் தொடங்கிய டாயின்பி ஹாலை முன்மாதிரியாகக் கொண்டு 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் நிறுவிய ஹல் ஹவுஸ் வழியாக அமெரிக்காவில் புகழ்பெற்றது.

1881க்குப் பின் ருஷ்யப் பேரரசில் யூதர்களுக்கு எதிராக எழுந்த வன்முறைகளால் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பெருந்தொகையாக அமெரிக்கா வந்தனர். மில்வாக்கியில் அவர்களுக்கு முன்பே ஜெர்மானிய மொழி வழங்கிய நாடுகளிலிருந்து வந்து வணிகத்தில் காலூன்றிய யூதக் குடும்பங்கள் இருந்தன. அத்தகைய குடும்பமொன்றில் 1858இல் பிறந்த லிஸ்ஸி பிளாக் காண்டர், ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் மகளிர் சங்கத்தில் பணியாற்றி, 1896இல் உருவான மில்வாக்கி யூத மிஷன் என்னும் அமைப்புக்குத் தலைவரானார். 1900இல் அவ்வமைப்பு பிறிதொரு மகளிர் அமைப்போடு இணைந்து குடியமர்வு இல்லமாயிற்று. அதன் தலைமைப் பொறுப்பையும் அவரே ஏற்றார். ஆங்கில வகுப்பு, தையல், சமையல், சிறுவர் சங்கங்கள், குளியல் வசதி ஆகியவை அங்கு நடைபெற்றன. புதிதாக வந்தோரின் வறுமையும் வேற்று நாட்டுப் பழக்கங்களும் பழைய குடும்பங்களின் நற்பெயரைப் பாதிக்கும் என்னும் கவலையும் இப்பணிக்குப் பின்னால் இருந்தது என்பதைக் காண்டர் மறைக்கவில்லை. இரக்கமும் தன்னலமும் கலந்த அந்நோக்கை அக்காலத்துக் குடியேறிகள் நலப்பணி பலவற்றிலும் காணலாம்.

சமையல் வகுப்பில் காண்டர் குறிப்புகளைக் கரும்பலகையில் எழுத, மாணவியர் அவற்றைப் பார்த்துப் படியெடுத்தனர். அதில் வகுப்பு நேரம் பெருமளவு கழிந்தது. குறிப்புகளை அச்சிட்டுக் கொடுத்தால் நேரம் மிச்சப்படும் என்று கருதிய அவர், அதற்கு 18 டாலர் வழங்குமாறு இல்லத்தின் இயக்குநர் குழுவைக் கேட்டார். ஆண்களைக் கொண்ட அக்குழு மறுத்துவிட்டு, அம்முயற்சியில் இலாபம் வந்தால் பங்கு பெற்றுக்கொள்வதாக வேடிக்கையாகக் கூறியது. காண்டரும் அவருடைய தோழியரும் நகரக் கடைகளிடம் விளம்பரம் திரட்டி அச்சுச் செலவைத் தாமே ஏற்பாடு செய்தனர். வகுப்புப் பாடங்களோடு திருமதி ஹென்றி ஷோன்பெல்ட் உள்ளிட்ட தோழியர் தந்த குடும்பக் குறிப்புகளும் சேர்ந்து, 174 பக்கங்களில் நூல் உருவாயிற்று. ஆயிரம் படிகள் அச்சாயின. விலை 50 சென்ட். மாணவியருக்குத் தேவையானவை போக எஞ்சியவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டு விரைவில் தீர்ந்துபோக, அடுத்த பதிப்பு வேண்டியதாயிற்று.

நூலின் உள்ளமைப்பு அதன் பிறப்பிடமான வகுப்பறையைக் காட்டுகிறது. அடுப்பில் நெருப்பு மூட்டுதல், பாத்திரம் கழுவுதல், தூசி துடைத்தல், மேசையில் உணவு பரிமாற ஒழுங்கு செய்தல், அளவுக் கிண்ணத்தையும் கரண்டியையும் சமமாக நிரப்பி அளத்தல் ஆகியவை முதலில் கற்பிக்கப்பட்டன. அதன்பின் அமெரிக்கப் பொது உணவுகளும், ஜெர்மானிய இனிப்பு ரொட்டிகளும், பாஸ்கா விழாவுக்கான புளிப்பில்லா மாவு உருண்டைகளும் அடுத்தடுத்து இடம்பெற்றன. யூதச் சமய உணவு விதிகளின் தொகுப்பு கோஷர் எனப்படும். பன்றி இறைச்சி, செதிலும் துடுப்பும் இல்லாத கடலுணவு ஆகியவற்றை அது விலக்குகிறது. காண்டரின் நூலோ சிப்பி முதலிய விலக்கப்பட்ட கடலுணவுகளுக்கும் செய்முறை தந்தது. சமயச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட பழைய குடும்பங்களின் அடுக்களையை அது படம்பிடித்ததே அன்றி, வகுப்புக்கு வந்த ஏழைக் குடியேறிகளின் அடுக்களையை அன்று. அமெரிக்கராவது எப்படி என்பதை உணவு வழியாகக் கற்பித்ததில் அந்நூலின் வெற்றியும், கற்போரின் மரபுக்கு உரிய இடம் அளிக்காததில் அதன் குறையும் அடங்கியுள்ளன.

பதிப்பு வரலாற்றில் முக்கியமானது வருவாயை ஆண்ட முறை. நூலின் உரிமையும் கணக்கும் அதைத் தொகுத்த பெண்களின் கையிலேயே தனியாக இருந்தன. எப்பணிக்கு எவ்வளவு வழங்குவது என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். இட நெருக்கடியால் குடியமர்வு இல்லத்துக்குப் புதிய கட்டடம் வேண்டியிருந்தபோது, நூலின் வருவாய் அதற்குப் பெரிதும் உதவியது. 1911இல் ஆபிரகாம் லிங்கன் இல்லம் என்னும் பெயரில் புதிய இடம் திறக்கப்பட்டது. 18 டாலரை மறுத்த ஆண்களின் குழு சில ஆண்டுகளுக்குள் அதே நூலின் உதவியைப் பெறும் நிலை வந்தது. பிற்காலத்தில் மில்வாக்கி யூத மையம் உள்ளிட்ட அமைப்புகளின் கல்வி, பண்பாட்டுப் பணிகளுக்கும் அவ்வருவாய் பயன்பட்டது. காண்டர் 1907 முதல் 1919 வரை நகரப் பள்ளிக் குழுவில் உறுப்பினராக இருந்து, பெண்களுக்கான தொழிற்பள்ளியை வளர்ப்பதில் ஈடுபட்டார். தேசிய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை 1920இல்தான் கிடைத்தது என்பதை நோக்க, சங்கப் பணியும் பதிப்புப் பணியும் அவருக்குத் தந்த பொதுவாழ்வுப் பயிற்சியின் மதிப்பு விளங்கும். 1940இல் இறக்கும்வரை அவர் பதிப்புக்குப் பதிப்பு நூலைத் திருத்தி வந்தார். ஏறத்தாழ 40 பதிப்புகளில் இருபது லட்சம் படிகள் அளவில் விற்ற அந்நூலை, 1950களில் நியூயார்க்கின் சைமன் அண்ட் ஷூஸ்டர் என்னும் வணிகப் பதிப்பகம் வெளியிடத் தொடங்கியது.

பெயர் பெற்றவர்களும் பெயர் இழந்தவர்களும்

செட்டில்மென்ட் நூல் வந்த அதே 1901இல், நியூயார்க்கில் மேரி ஹாரிமன் என்னும் இளம்பெண் வசதி படைத்த குடும்பத்துப் பெண்களைக் குடியமர்வு இல்லப் பணிகளில் ஈடுபடுத்துவதற்காக ஜூனியர் லீக் என்னும் சங்கத்தைத் தொடங்கினார். நகரந்தோறும் கிளைவிட்ட அச்சங்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொண்டுச் சமையல் நூல்களின் முதன்மைப் பதிப்பாளராயிற்று. தென் கரோலினாவின் சார்லஸ்டன் கிளை 1950இல் வெளியிட்ட ‘சார்லஸ்டன் ரிசீப்ட்ஸ்’ 750 குறிப்புகளோடு இன்றும் அச்சில் இருக்கிறது. லூசியானாவின் பேட்டன் ரூஜ் கிளை 1959இல் வெளியிட்ட ‘ரிவர் ரோட் ரெசிப்பீஸ்’ பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. நூலை மேசைமேல் விரித்தால் மூடிக்கொள்ளாமல் கிடக்கும் நெகிழிச் சீப்புக் கட்டும், சங்கங்களுக்கெனவே சமையல் நூல் அச்சிட்டுத் தரும் அச்சகங்களும் பெருகியதால், சின்னஞ்சிறு குழுவும் பதிப்பில் இறங்க முடிந்தது.

இந்நூல்களின் பெயர்ப்பட்டியல் முழுமையானதன்று. தென்மாநில வெள்ளையர் வீடுகளில் சமைத்தவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். சார்லஸ்டன் பகுதியில், ஆப்பிரிக்க வேர்களைக் காத்த குல்லா மக்களின் அரிசி உணவும் கடலுணவும் நூல்களை நிரப்பின. குறிப்பின் கீழ் அச்சான பெயரோ வீட்டுத் தலைவியினுடையது. தொண்டுப் பதிப்பில் உழைப்பு கொடையாகிறது என்ற கூற்று, உழைத்தவரே கொடுத்தவராக இருக்கும்போது மட்டுமே உண்மையாகும். மற்றவரின் அறிவைத் தம் பெயரில் கொடுத்தவர்களுக்கு அது பொருந்தாது.

கறுப்பினப் பெண்களின் சங்கங்களும் இவ்வடிவத்தைக் கையாண்டன. கலிபோர்னியாவின் கறுப்பினப் பெண்களிடமிருந்து திரட்டிய குறிப்புகளைக் கொண்டு பெர்த்தா டர்னர் 1910இல் பாசடேனாவில் ‘தி ஃபெடரேஷன் குக் புக்’ நூலை வெளியிட்டார். நீக்ரோ பெண்களின் தேசிய மன்றம் 1958இல் வெளியிட்டதும் சூ பெய்லி தர்மன் தொகுத்ததுமான ‘தி ஹிஸ்டாரிக்கல் குக்புக் ஆஃப் தி அமெரிக்கன் நீக்ரோ’ அவ்வகையில் தனிச்சிறப்புடையது. உணவு வகைப்படி அடுக்காமல் நாள்காட்டி முறையில், அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த ஜனவரி 1 தொடங்கி, கறுப்பின வரலாற்றின் நினைவு நாள்களை ஒட்டி அதன் குறிப்புகள் அமைக்கப்பட்டன. பாடநூல்களில் இடம்பெறாத வரலாற்றைச் சமையல் நூலின் வழியே வீட்டுக்குள் கொண்டு சேர்த்த அந்நூல், மன்றத்தின் பணிகளுக்கு நிதியும் திரட்டியது.

மதிப்பீடு

நூலகங்கள் நெடுங்காலம் சேகரிக்கத் தயங்கிய இந்நூல்களை வரலாற்றாசிரியர்கள் இன்று முதன்மைச் சான்றுகளாகக் கொள்கின்றனர். ஓர் ஊரில் எந்தெந்தக் குடும்பங்கள் எச்சங்கத்தில் இருந்தன, எக்கடைகள் விளம்பரம் தந்தன, எப்பொருள் எளிதில் கிடைத்தது, விறகடுப்பிலிருந்து எரிவாயுவுக்கு எப்போது மாறினர் என்பன போன்ற செய்திகளை, வேறெந்த ஆவணமும் இவ்வளவு நெருக்கமாகத் தருவதில்லை.

பாஸ்டன் முதல் மில்வாக்கி வரையான இவ்வரலாற்றில் நிலைத்து வெற்றி கண்ட முயற்சிகளுக்குச் சில பொதுப் பண்புகள் உள்ளன. அச்சுச் செலவை விற்பனைக்கு முன்பே வேறு வழியில் ஈடுகட்டியமை, எழுதியோரையே வாசகராகக் கொண்டமை, நோக்கத்தை முகப்பிலேயே அறிவித்தமை ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆயினும் இவையனைத்தும் மேரிஸ்வில் நூலுக்கும் இருந்தன. அதற்கு இல்லாமற்போனதும் மில்வாக்கி நூலுக்கு இருந்ததும், உரிமையையும் கணக்கையும் உழைத்தவர்களே தம் கையில் வைத்திருந்த ஏற்பாடுதான். நற்பணிக்கென நூல் வெளியிடும் சிறு குழுக்கள் எந்நாட்டிலும் எம்மொழியிலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது, நூலின் உள்ளடக்கத்துக்கும் முன்பாக, அதன் உரிமை யாருடையது, உபரியைச் செலவிடும் முடிவு யாருடையது என்னும் இரண்டையுமே ஆகும்.